நாலு மணி நேரத் தூரம்

ஏர்போர்ட் பலகையில் பதினாலு நாற்பத்தஞ்சு என்று போட்டிருந்தது. டெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான். அப்பவும் அதேதான். சார்ஜா என்று இருந்தது ஒரே ஒரு வரி. பக்கத்து வரியைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை. பதினாலில் பன்னிரண்டு போனால் ரெண்டு. ரெண்டே முக்கால். அவன் ஊரில் சொல்லிவிட்டு வந்தது ஒன்று பத்து. அந்த ஒன்று பத்தை நம்பித்தான் பெரியப்பா போய் லூர்துசாமி ஃபாதரிடம் அடக்கத்துக்கு நேரம் பேசினார். அந்த ஒன்று பத்தை நம்பித்தான் மேலப்பட்டி முக்கில் அப்பா படத்தைப் போட்டு, கறுப்புக் கரை கட்டி, மாலை மூன்றரை மணியளவில் நல்லடக்கம் என்று ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் நிற்கிறது. இப்படிக்கு மகன்கள் என்று போட்டு சகாயராஜ், பக்கத்தில் சார்ஜா. அடுத்த வரியில் டெனிஸ், பக்கத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததுதான் சரி. பிளஸ் டூவைப் பாதியில் விட்டவனுக்குப் பக்கத்தில் என்ன போடுவது? மணி இப்போது பன்னிரண்டே முக்கால். திருச்சி ஏர்போர்ட் வாசலில் வெயில் தகரம் மாதிரி அடிக்கிறது. அண்ணன் வானத்தில் எங்கேயோ இருக்கிறான். அப்பா வீட்டில் ஃப்ரீசர் பெட்டிக்குள் இருக்கிறார். நடுவில் இருக்கிற கணக்கைத் தப்பாகப் போட்டவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், கம்பி வேறு சுடுகிறது.

எப்படி மறந்தது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. தெரியாததை மறந்தால் பரவாயில்லை. இது தெரிந்தது. மூன்று வருஷமாகத் தினமும் அப்பா கேட்பார், "இப்ப அவனுக்கு மணி என்னடா?" இவன் ஒன்றரையைக் கழித்துச் சொல்வான். நமக்கு ஒன்பது, அண்ணனுக்கு ஏழரை, இன்னும் கேம்ப்புக்கு வந்திருக்க மாட்டான். அப்படி வாய்ப்பாடாக இருந்தது நேற்று சாயங்காலம் எங்கே போச்சு? வீடு நிறைய ஆள், அம்மா பெட்டி மேல் தலையைச் சாய்த்தபடி, ஜெனரேட்டர் ஒரு பக்கம் கத்துகிறது. ஒன்பது பத்துக்கு ஏறுறேன் என்று அண்ணன் வாய்ஸ் போட்டிருந்தான், அவ்வளவுதான், அழுகிற குரலில் அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. "டேய் டெனிசு, படிக்காட்டாலும் நீ போன்ல கெட்டிக்காரன். எத்தனை மணிக்கு இங்க வருவான்னு பாத்துச் சொல்லு" என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். இவன் போனில் போட்டான். சார்ஜா திருச்சி தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டரும் கொஞ்சமும், நாலு மணி நேரம். ஒன்பது பத்தோடு நாலு. பதிமூணு பத்து. ஒன்று பத்து பெரியப்பா. சொல்லி முடித்தபோது ஒரு பெருமை வேறு வந்தது. அப்பா செத்துக் கிடக்கிற வீட்டில், கணக்கைப் பட்டென்று சொல்லிவிட்டோம் என்று ஒரு பெருமை. பெரியப்பா அங்கேயே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட்டுவிட்டார். ஒருத்தராவது, அந்தக் கூட்டத்தில் வளைகுடா போய்வந்த ஆள் நாலு பேராவது இருந்தார்கள், ஒருத்தராவது தம்பி ஒன்றரையைச் சேர்த்தியா என்று கேட்டிருக்கலாம். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். துக்க வீட்டில் யார் எதைச் சொன்னாலும் எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள்.

சொல்லித்தான் ஆக வேண்டும். பெரியப்பா முதல் மணியிலேயே எடுத்தார். "என்னடா, எறங்கிட்டானா?" "இல்ல பெரியப்பா. ரெண்டே முக்காலுக்குத்தான் வருது." "லேட்டா?" இங்கே ஒரு பொய் தானாக வந்து கையில் நின்றது. ஆமா லேட்டு என்றால் முடிந்தது. பிளைட் லேட்டானால் யார் என்ன செய்ய முடியும், பெரியப்பா பிளைட்டைத் திட்டிவிட்டு வைத்துவிடுவார். ஆனால் இவனுக்கு அது வரவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. ஒரு பொய்யை ஏற்கெனவே வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிறான், ரெண்டாவதுக்கு இடமில்லை. "லேட் இல்ல பெரியப்பா. நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். அங்கத்த மணி வேற, இங்கத்த மணி வேற. ஒன்றரை மணி நேரம் சேக்கணும், விட்டுட்டேன்." பெரியப்பா ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கத்தினார். "ஃப்ளெக்ஸ்ல போட்டாச்சேடா, பாவி." "அதை அடிச்சு மாத்த முடியாதா?" "அதென்ன உன் பரீட்சைப் பேப்பரா, அடிச்சு அடிச்சு எழுத?" பிறகு பெரியப்பா குரலைத் தணித்தார். பக்கத்து ஊர்க் கோயிலில் அஞ்சு மணிக்குக் கொடியேற்றம், ஃபாதர் அதற்குப் போயாக வேண்டும். "நாலரை வரைக்கும் புடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல மூடிருவோம், என்னைக் குத்தம் சொல்லாதீங்க. வழியில டீக்கு கீக்கு நிக்காம கொண்டாந்து சேரு. அண்ணங்கிட்ட சொல்லச் சொன்னது ஞாபகம் இருக்கா?" "இருக்கு." "என்ன, சொல்லு பாப்போம்." "ஐ.சி.யூல இருக்காரு. பேச்சு இல்ல. டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு." "அம்புட்டுத்தான். வேற எதையும் உளறாத, நீ உளறுவாயி. வீட்டு வாசல்ல நாங்க நாலு பேரு நின்னு தாங்கிப் புடிச்சுக்குறோம். அந்தப் போன ஆஃப் பண்ணிட்டியா?" "பண்றேன்." "பண்றேனா? காலையிலேருந்து சொல்றேன்." "பண்றேன் பெரியப்பா."

அந்தப் போன் இடது பாக்கெட்டில் இருக்கிறது. அப்பாவுடைய பட்டன் போன். போர்வெல் வண்டியில் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர், சாதாரண ரிங் காதில் விழாது என்று இருக்கிற சத்தத்திலேயே பெரிய சத்தத்தை வைத்திருந்தார், பழைய காலத்து மணி மாதிரி அலறும், அதோடு தொடையையும் உதறும். நேற்றுக் காலையிலிருந்து அது ஓயவில்லை. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அம்மா, "எடுங்க, உங்களத்தான், எடுங்க" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல, பெரியப்பாதான் அதைப் பிடுங்கி இவன் பாக்கெட்டில் திணித்தார். சிவப்புப் பட்டனை அமுக்கிப் பிடி, வெளிச்சம் அணைகிற வரைக்கும் விடாதே, சகாயம் கண்ணில் இது படவே கூடாது. இவன் அப்போதே விரலை வைத்தான். வைத்த விரலை எடுத்துவிட்டான். ஏனென்றால் அந்த நேரம் பார்த்து சகாயம் என்று ஸ்கிரீனில் வந்தது. எடுக்கக் கூடாது என்று உத்தரவு. எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது. அங்கே அண்ணன் காதில் மணி போயிருக்கும். மணி போனால் என்ன அர்த்தம்? போன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள், வேலையாக இருக்கிறார்கள், அப்புறம் கூப்பிடுவார்கள் என்று அர்த்தம். ஆஃப் பண்ணினால்? நீங்கள் தொடர்புகொள்ளும் எண் என்று ஒரு பொம்பளை சொல்லுவாள். அப்பாவுடைய நம்பருக்கு அந்தப் பொம்பளை ஒருநாளும் பேசினதில்லை. வண்டி டைனமோவில் ஒயர் போட்டாவது சார்ஜ் ஏற்றி வைத்திருப்பார், "அவன் எந்நேரம் கூப்புடுவானோ" என்று. அப்படியென்றால் ஆஃப் பண்ணுவதுதான் உண்மையைச் சொல்லுவது, ஆன் பண்ணி வைத்திருப்பதுதான் பொய். இல்லை, மாற்றியா? ஆஃப் பண்ணச் சொன்னது பொய்யைக் காப்பாற்றுவதற்கு. ஆன் பண்ணி வைத்தால் பொய் உடையும். ரெண்டும் எப்படிச் சரியாக இருக்கும்? இவனுக்குத் தலை சுற்றியது. காலையில் ஒரு டம்ளர் வரக்காப்பி குடித்ததுதான்.

அப்பாவுக்கு நேரம் எப்பவும் ரெண்டாம்பட்சம், தூரம்தான் முக்கியம். எத்தனை அடி? அதுதான் அவர் கேள்வி. அறுநூறு அடி இறங்கியும் தண்ணி வராமல் புழுதி புகையாக வந்தால் அதைத் தூரம் என்பார். அண்ணன் முதல் தடவை கிளம்பின அன்றைக்கு இதே கம்பிக்கு வெளியே நின்று, "சார்ஜா எம்புட்டுத் தூரம்டா?" என்று கேட்டார். இவன் கிலோமீட்டர் சொன்னான். "அடியில சொல்லு." அப்போது பத்தாவது, கணக்கு இன்னும் இவனை விட்டு ஓடவில்லை. தொண்ணூற்றஞ்சு லட்சம் அடிக்கு மேல வருதுப்பா. "அம்புட்டுக்கு கேசிங் பைப்பு எங்கடா கெடைக்கும்?" என்று சொல்லிவிட்டு அப்பா மட்டும் சிரித்தார். பிறகுதான் நேரம் கேட்டார். நாலு மணி நேரம் என்றதும் நம்பவில்லை. "மெட்ராசுக்கு பஸ்ஸுல ஏழு மணி நேரம் ஆகுது. அப்ப சார்ஜா கிட்டக்கவா இருக்கு?" அன்றிலிருந்து டீக்கடையில் அதுதான் பேச்சு. உங்க மகன் மெட்ராசுல இருக்கான், ஏழு மணி நேரம். எம் மகன் நாலு மணி நேரத்துல வந்துருவான், ஒரு தும்மல் போட்டாப் போதும். அப்பா அந்தத் தும்மலைப் போட்டது முந்தாநாள் ராத்திரி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. இன்றைக்கு என்ன ஆச்சு? நாலு மணி நேரம் இன்னும் முடியவில்லை. பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில், அலமாரிச் சாவி வைத்திருக்கிற ஆள் வேறு சைட்டில், அந்த ஆள் வந்து, மேலே ஒருத்தன் கையெழுத்துப் போட்டு, டிக்கெட் போட்டு, கேம்ப்பிலிருந்து ஏர்போர்ட். இதையெல்லாம் போன் காட்டவில்லை. போன் ஒரு ஏர்போர்ட்டிலிருந்து இன்னொரு ஏர்போர்ட்டுக்குக் கோடு போட்டுக் காட்டுகிறது, வில் மாதிரி வளைந்த நீலக் கோடு. அண்ணனிலிருந்து அப்பாவுக்கு எவ்வளவு என்று கேட்டால் அது என்ன செய்யும், பாவம். பௌதிக சார் போர்டில் எழுதுவார், தூரம் சமம் வேகம் பெருக்கல் நேரம். நல்லாத்தான் எழுதினார்.

"தம்பி, ஒரு எளநி குடிக்கிறியா?" என்று கார் டிரைவர் குமரேசன் அண்ணன் வந்து நின்றார். வேண்டாம் என்றான். "மூஞ்சியப் பாத்தா நீயே ஐ.சி.யூ மாதிரி இருக்க. உங்க அண்ணன் வந்து ஒன்னைப் பாத்த ஒடனே கண்டுபுடிச்சிருவாரு. கொஞ்சம் சாதாரணமா நில்லுய்யா." சாதாரணமாக எப்படி நிற்பது என்று இவனுக்குத் தெரியவில்லை. ஒரு காலில் நின்றான், மறு காலுக்கு மாற்றினான். "முக்குல ஃப்ளெக்ஸ் நிக்குதேண்ணே, அதைப் பாக்க மாட்டானா?" குமரேசன் அண்ணன் அதையும் யோசித்து வைத்திருந்தார். "ஏரிக்கரை வழியா விட்டுருவேன். ரோடு மோசம், ஒரு பதினஞ்சு நிமிசம் கூட ஆகும்." பதினஞ்சு நிமிஷம். பொய்யைக் காப்பாற்றப் பதினஞ்சு நிமிஷம் கொடுத்தால் முகத்தைப் பார்க்கப் பதினஞ்சு நிமிஷம் குறையும். மூணேகாலுக்கு வெளியே வந்தால், ஊர் ஒன்றேகால் மணி நேரம், நாலரை. ஏரிக்கரை என்றால் நாலே முக்கால். மூடியிருப்பார்கள். மூடாமல் இருந்தால் ஃபாதர் போயிருப்பார். இல்லை, மூணு மணிக்கே வந்துவிட்டால்? கையில் பெட்டி இல்லாமல் வந்தால் சீக்கிரம் விடுவார்களா? மறுபடி ஒரு கணக்கு. இவன் இனிமேல் கணக்கே போடக் கூடாது என்று காலையில்தான், இல்லை, இப்போதுதான் சத்தியம் பண்ணினான்.

சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், அதுதான் வேடிக்கை. ஒரு பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டிவந்திருந்தார்கள், அதற்கு அதன் அப்பாவை அடையாளம் தெரியுமா என்று பந்தயம் நடந்தது. நாலு மணி நேரத்தில் வருகிறவர்களுக்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள், மேலே அந்தப் பிளைட்டில் எல்லாரும் உட்கார்ந்து வருகிறார்கள், அதில் ஒரு சீட்டில் அண்ணன். அண்ணனுக்கு அப்பா சீரியஸ். சீரியஸ் என்றால் இருக்கிறார். அப்படியென்றால் அந்தப் பிளைட்டுக்குள் மட்டும் அப்பா இருக்கிறார். கீழே மேலப்பட்டியில் இல்லை, மேலே கடலுக்கு மேல் இருக்கிறார், மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார், பிளைட் நகர நகர நகர்ந்து வருகிறார். இது கிறுக்குத்தனம் என்று இவனுக்குத் தெரியும். ஆனால் எந்த இடத்தில் கிறுக்குத்தனம் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் தெரியாது. அப்பா போனது நேற்று விடிகாலை அஞ்சரை. அப்போது சார்ஜாவில் மணி நாலு. சார்ஜாவில் அஞ்சரை ஆக இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே போச்சு? அதைத்தான் நேற்று இவன் சேர்க்க மறந்தான். மறந்தது நல்லதுதானோ, எங்கேயாவது கூடுதலாகக் கிடக்கிறதோ, அதில் அண்ணன் வந்து அப்பாவிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட முடியுமோ? சே. வெயில் ஏறிவிட்டது. பிளைட் இறங்கக் கூடாது என்று நினைத்தான். அது பாட்டுக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கட்டும், எண்ணெய் இருக்கிற வரைக்கும். உடனே பயம் பிடித்துக்கொண்டது, என்ன நினைப்பு இது, இருநூறு பேர் இருக்கிற பிளைட்டு, மாதாவே நான் அப்படி நினைக்கவில்லை, ஒழுங்காக இறங்கட்டும், முன்னாடியே இறங்கட்டும், நாலரைக்குள் போய்ச் சேர வேண்டும். இறங்கட்டும், இறங்க வேண்டாம். இப்படியே மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. தலைக்கு மேலே வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு தாழப் பறந்து போனது. பாப்பா கையைத் தட்டியது. பலகையில் அந்த வரி பச்சையாக மாறியது. ரெண்டு நாற்பது. ஐந்து நிமிஷம் முன்னாடி. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டரும் முடிந்துவிட்டது. இனி ஒரு கண்ணாடிக் கதவுதான்.

இப்போது அமுக்கிவிட வேண்டும். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டான். பட்டன்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன, சிவப்பு மட்டும் புதுசு மாதிரி மேடாக இருந்தது, அப்பா எதையும் கட் பண்ணவே மாட்டார், எதிராளி வைக்கட்டும் என்று காத்திருப்பார். ஒவ்வொரு தடவை அண்ணன் வரும்போதும் நடக்கிறது ஒன்றுதான். கதவைத் தாண்டி வருவான், வந்ததும், "டேய், போனக் குடு" என்பான், அவனுடைய சிம் இங்கே வேலை செய்யாது, இவன் போனிலிருந்து அப்பாவுக்கு அடிப்பான். இறங்கிட்டேன்ப்பா. அப்பா அந்தப் பக்கம் கத்துவார், சுற்றி நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும், "எத்தனை மணி நேரம்டா ஆச்சு?" "நாலுப்பா." "மெட்ராசு ஏழு!" அதைக் கேட்டு அண்ணன் சிரித்த பிறகுதான் அவன் ஊருக்கு வந்ததாகக் கணக்கு. இன்றைக்கும் கேட்பான். அப்பா நம்பர்தான் வீட்டு நம்பர், அம்மாவுக்குத் தனிப் போன் கிடையாது, ஆஸ்பத்திரியில் அம்மாதான் அதை வைத்திருப்பாள் என்று நினைத்து அடிப்பான். கொடுக்காமல் இருக்கலாம், சார்ஜ் இல்லை என்று சொல்லலாம். அது ரெண்டாவது பொய். அமுக்கிவிட்டால் அந்தப் பொம்பளை சொல்லிவிடுவாள், அண்ணனுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிடும், அப்பா நம்பராவது ஆஃப் ஆவதாவது. அமுக்காவிட்டால். அமுக்காவிட்டால் என்ன என்பதை இவன் முழுசாக நினைத்துப் பார்க்கவில்லை, நினைப்பு அந்த இடம் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்தது, கம்பி வேலியில் முட்டுகிற ஆடு மாதிரி.

கதவு திறந்து திறந்து மூடியது. தள்ளுவண்டியில் டி.வி. பெட்டி, போர்வை மூட்டை, கட்டின கயிறு. பாப்பாவின் அப்பா வந்தார், பாப்பா வேறு ஒருத்தரைப் பார்த்துக் கையை நீட்டியது, எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பின்னால் அண்ணன். முதுகில் ஒரு பை மட்டும். வேலைக்குப் போடுகிற சட்டையோடேயே வந்திருந்தான், காலரில் சிமெண்ட் காய்ந்திருந்தது. இவனைக் கூட்டத்தில் தேடவில்லை, நேராக வந்தான், எங்கே நிற்பான் என்று தெரிந்த மாதிரி. கிட்டே வந்தபோது கண் வீங்கியிருந்தது தெரிந்தது. "அப்பாவுக்கு எப்படிடா இருக்கு?" என்றான். டெனிஸ் வாயைத் திறந்தான். பாடமாக்கி வைத்தது அத்தனையும் நாக்கு நுனியில்தான் இருந்தது, ஐ.சி.யூ, பேச்சு இல்லை, டாக்டர். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்து பேனா நகராமல் போகுமே, அது மாதிரி. "கார் அங்க நிக்குது" என்றான். "கேக்குறதுக்குப் பதில் சொல்லுடா. போனக் குடு, அம்மாகிட்டப் பேசிடறேன்." வலது கையில் இருந்த போனை அண்ணனே எடுத்துக்கொண்டான். நம்பரை விரலே தெரிந்துவைத்திருந்தது. காதில் வைத்தான். தலையைக் குனிந்து, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். "மணி போகுது" என்றான், இவனிடம் இல்லை, தனக்குத்தானே.

டெனிஸின் இடது தொடை உதறியது. பிறகு அலறியது. பட்டுப்பாவாடைப் பாப்பா திரும்பிப் பார்த்தது. அண்ணன் காதிலிருந்து போனை எடுக்காமலே இவன் முகத்தைப் பார்த்தான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே, பாக்கெட்டைப் பார்த்தான். பெரியப்பா சொன்னது இவ்வளவுதான்: சிவப்புப் பட்டன், வெளிச்சம் அணைகிற வரைக்கும். கை உள்ளேதான் இருந்தது. பெருவிரலும் அதன் மேலேதான் இருந்தது. அவன் அமுக்கவில்லை.